வீட்டைக் கட்டி இழுப்பவர்கள்

அமெரிக்கர்கள் வீட்டையே வண்டியில் கட்டி இழுக்கும் காணொலிகளில் கொஞ்ச நாளாக மூழ்கிக் கிடக்கிறேன். பின்கொக்கியில் மாட்டும் டிராவல் டிரெய்லரா, பிக்கப்பின் முதுகில் ஏறி உட்காரும் ஃபிப்த் வீலா என்பது அவர்களின் தீராத வழக்கு.

மலேசியாவில், சிரம்பானின் ரஹாங் பக்கத்துத் தோட்டக்காரனுக்கு இரண்டுமே பழகியவைதான். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் முதல் வகை. சிரம்பான் நெடுஞ்சாலையில் கொள்கலன் இழுக்கும் லோரி இரண்டாவது.

வித்தியாசமெல்லாம் மூட்டு இருக்கும் இடத்தில். கொக்கி பின்னச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், டிரெய்லர் ஆடும்போது இழுக்கும் வண்டியின் பின்புறத்தையும் சேர்த்துத் தள்ளும். அதனால்தான் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்கிறார்கள். டிராக்டர் மெதுவாகப் போவதால் தோட்டத்தில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஃபிப்த் வீலில் மூட்டு பின்னச்சுக்கு நேர் மேலே, ஆட்டம் குறைவு. ஆனால் வளைவில் டிரெய்லரின் சக்கரம் உள்ளே வெட்டும், அகலமாகத் திருப்ப வேண்டும்.

கோஸ்தான் அடிப்பதில், அதாவது பின்னோக்கி ஓட்டுவதில், இரண்டுமே எதிர்க்கட்சி: ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். முன்னச்சும் தனியே திரும்பும் நான்கு சக்கர டிரெய்லர் இன்னும் மோசம். செம்பனை வரிசைக்குள் அதைப் பின்னோக்கி நுழைக்கும் டிராக்டர்காரர்கள்தான் என் கண்ணில் நிஜக் கெட்டிக்காரர்கள்.

போர்ட்டிக்சன் கடற்கரைக்கு இழுத்துப் போக நான் சின்ன டிரெய்லரைத்தான் சொல்வேன். 5 டன் ஃபிப்த் வீலென்றால் அதன் எடையில் சுமார் 20 விழுக்காடு, அதாவது ஒரு டன், பிக்கப்பின் முதுகில் இறங்கும். ஹைலக்ஸ் சுமப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். குடும்பம் பேருந்தில் வர வேண்டியதுதான்.