ரிச்சி தெருவில் ஒரு டிஷ்!

சென்னையில் கோபம் வந்தால் போவதற்கு ஆளுக்கு ஓர் இடம் உண்டு. காதலியிடம் கோபமென்றால் மெரீனா. மானேஜரிடம் கோபமென்றால் டீக்கடை. கேபிள்காரரிடம் கோபமென்றால்... ஸார், நேரே ரிச்சி தெரு!

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பைக்கில் போகாதீர்கள். வண்டியை நிறுத்த இடம் தேடுகிற நேரத்தில் நீங்கள் வாங்க வந்த மாடலே பழசாகிவிடும்.

என் கோபத்தின் கதை இது. எங்கள் ஏரியாவில் கேபிளும் அவரே, இன்டர்நெட்டும் அவரே. பேர் வேண்டாம்; நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். கேபிளுக்கு மாசம் 300. நெட்டுக்கு 700, அதன் தலையில் 18 சதவிகித ஜி.எஸ்.டி., ஆக 826. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 13,512 ரூபாய். பி.காம். படித்த பாவத்துக்கு லெட்ஜர் போட்டுப் பார்த்தேன். பற்றுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கத்தில் எழுத அவருடைய காலண்டர் ஒன்றுதான் இருக்கிறது.

பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். கட்டுரையை அனுப்பப் போகிற சமயம் பார்த்து லைன் போகும். போன் பண்ணினால், "ஃபைபர் கட்டு ஸார், பையன் வந்துக்கிட்டே இருக்கான்" என்பார். பையன் காசியிலிருந்து பாதயாத்திரையாக வருகிறானோ என்னவோ! போன மழைக்காலத்தில் அப்படி ஒரு கட்டுரை கெடு தாண்டிப் போய், 1,500 ரூபாய் கைநழுவியது.

நன்றாக இருக்கிற நாளிலும் கூத்துதான். விளம்பரத்தில் '100' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். முழு வேகத்தில் வந்தாலும் வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். அந்த முழு வேகமும் விடியற்காலை நாலு மணிக்கு வரும். ராத்திரி எட்டரைக்குத் தெருவே ஒரு குழாயடியில் குடத்தோடு நிற்கிறபோது நமக்குச் சொட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். புகார் செய்யலாமே என்பீர்கள். 2023இலிருந்து 2 மெகாபிட் வந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். அரசாங்க விளக்கமே அப்படி.

இதுவரை பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அம்மா. அப்பா போனபின் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கிறவளுக்குப் பேச்சுத்துணை டி.வி.தான். போன தீபாவளிக்கு மூன்று நாள் கேபிள் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா அணைந்த டி.வி.யின் முன்னால் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் ரிச்சி தெருவில்.

உள்ளே நுழைந்ததுமே, "என்ன ஸார் வேணும்? கேமராவா? லேப்டாப்பா? டிஸ்ப்ளே மாத்தணுமா?" என்று பையன்கள் மொய்த்துக்கொள்வார்கள். ரிமோட்டுகளை வாழைப்பழச் சீப்பு மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். தலைக்கு மேலே வானம் தெரியாது, வயர் தெரியும். மூன்றடி அகலக் கடைக்குள் ஒருவர் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு செல்போனுக்கு ஆபரேஷன் செய்கிறார். பின்னாலிருந்து "வழி... வழி..." என்று அட்டைப்பெட்டி மலையோடு ஒரு தள்ளுவண்டி. ஒதுங்கினால் நரசிங்கபுரம் தெருவில் போய் விழுவோம். பக்கத்து மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டையாக இருந்த தெரு. படம் விற்பவர்களும் படம் பார்க்கும் கருவி விற்பவர்களும் அடுத்தடுத்த தெருவில்!

நான் போய் நின்ற கடையில் ஒரு பெரியவர். எல்லாரும் பாய் என்கிறார்கள், நானும் பாய் என்றேன். என் புகாரைக் கேட்டுச் சிரித்தார்.

"தம்பி, ஒவ்வொரு தடவை டி.வி. ரூட்டை மாத்தும்போதும் எங்களுக்கு வியாபாரம்தான். 75ல மெட்ராஸுக்கு தூர்தர்ஷன் வந்திச்சு, ஆன்டெனா வித்தோம். 82ல சிலோன்ல ரூபவாஹினி ஆரம்பிச்சாங்க. வேதாரண்யம் பக்கத்து ஆளுங்க பூஸ்டர் வாங்கிட்டுப் போவாங்க. 91ல வளைகுடா சண்டை, எல்லாருக்கும் டிஷ் ஆசை வந்திச்சு. 93ல சன் டி.வி. வந்ததும் தெருவுக்குத் தெரு கேபிள்."

மிச்சத்தை நான் சொல்கிறேன். பிடித்த சேனலுக்கு மட்டும் காசு என்று 2003 செப்டம்பரில் பெட்டி முறை வந்தபோது, தைரியமாக அமல்படுத்திய ஒரே பெருநகரம் சென்னை. 2006இல் அரசாங்கம் கலர் டி.வி.யை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. பெட்டி ஓசி, படத்துக்குக் காசு. 2011இல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அந்த யோகம் அப்போது சென்னையைத் தவிர்த்த மாவட்டங்களுக்கு. 2019 பிப்ரவரியில் டிராய் புதுக் கணக்கு போட்டது: எந்தச் சேனலையும் பார்க்குமுன் இணைப்புக்கே 130 ரூபாய் வரை, வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2024இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் 'வாடிக்கையாளர் நன்மைக்காக' என்றுதான் சொன்னார்கள். நன்மை எங்கள் ஏரியாவுக்கு வரும் வழியில் எங்கோ ஃபைபர் கட்.

"அப்ப ஃப்ரீ டிஷ் போட்டுக்கோ" என்றார் பாய்.

தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் 33 சேனல்களோடு ஆரம்பித்த சமாசாரம் இது. அப்போது டி.டி. டைரக்ட் ப்ளஸ், இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ். ஒரு தடவை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கினால் சரி. மாதச் சந்தா கிடையாது. வயர் இழுக்கிறவர் தயவும் வேண்டாம். பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவது போயஸ் கார்டன் மாடியிலும் விழும், என் மாடியிலும் விழும். பேரம் பேசி, டிஷ், எல்.என்.பி., பெட்டி, இருபது மீட்டர் வயர் எல்லாமாக 1,650 ரூபாய். ஒன்றரை மாச பில்!

பில் போடும்போது பாய் தயங்கினார். "தம்பி, தமிழ் ரொம்ப எதிர்பார்க்காதே."

அதுதான் முள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். வடக்கே கோடிக்கணக்கான வீடுகளில் இது ஓடுவதால் இந்திச் சேனல்கள் போட்டி போட்டுக் கட்டுகின்றன. இங்கே சந்தா வாங்கியே பழகிய பெரிய தமிழ்ச் சேனல்களுக்கு ஓசியில் வர என்ன தலையெழுத்து?

ஞாயிற்றுக்கிழமை மாடியில் டிஷ் பொருத்தினோம். டெக்னீஷியன் தம்பி டிபி மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் தென்கிழக்கே திருப்பினான். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் சிக்னல் பூஜ்யம். "அடை மழைல கொஞ்சம் கட்டாகும் ஸார்" என்றான். கேபிளில் மழை விட்டு மூன்று நாளாகியும் கட்டாகத்தானே இருந்தது!

அம்மா ரிமோட்டை வாங்கினாள். இந்தி செய்தி. இந்தி பக்தி. போஜ்புரியில் குத்துப்பாட்டு. கடைசியில் டி.டி. தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை. ஒரு கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற குரலில்.

மறுநாளே கேபிள்காரர் ஆஜர். மாடியைப் பார்த்துவிட்டுப் பதறினார். "என்ன ஸார் இது, நமக்குள்ள? மாசம் 200 குடுங்க போதும். ரெண்டு மாசம் ஃப்ரீ!" எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன், பத்து ரூபாய் குறைத்ததில்லை. நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்: "வேண்டாம்ப்பா. எதிர்வீட்டு மாமி ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கா. பேசிண்டே பார்க்கலாம்."

இப்போது தினம் ஏழு மணிக்கு முறுக்குச் சம்புடத்தோடு கிளம்பிவிடுகிறாள். எட்டரைக்குத் திரும்பி வரும்போது சீரியல் கதையோடு தெருக் கதையும் வருகிறது.

நெட்தான் பாக்கி. அது மாடியில் விழவில்லையே. எங்கள் சந்துக்குள் நுழைவது அவர் வயர் ஒன்றுதான். காற்றில் வரும் ஏர்ஃபைபர் 2023இலேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் இன்னொரு பெட்டியை மாட்ட, "சுவத்துல ஓட்டை போடாதீங்க" என்கிறார் ஹவுஸ் ஓனர். டிஷ்ஷுக்குத் துணி காயப்போடும் இரும்புக் கம்பம் கிடைத்ததால் தப்பித்தேன். அந்தக் கம்பத்திலேயே இதையும் கட்ட முடியுமா என்று கேட்க, சனிக்கிழமை மறுபடி பாய் கடைக்குப் போகிறேன். இந்தக் கட்டுரை செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வருகிறது. பையன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான்.