பாட்டிகோலின் கணுக்கால்

தொண்ணூறுகளில் கால்பந்து பார்த்தவர்களிடம் கேப்ரியல் பாடிஸ்டுடா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அர்ஜென்டினாக்காரர். தோள்வரை தொங்கும் முடி, இடி விழுந்த மாதிரி உதை. 1994 உலகக் கோப்பையில் கிரீஸுக்கு எதிராக மூன்று கோல், 1998-ல் ஜமைக்காவுக்கு எதிராக மூன்று கோல். இரண்டு வெவ்வேறு உலகக் கோப்பைகளில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆள் அவர்தான். இத்தாலியில் பியோரென்டினா அணி 1993-ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோது, வேறு பெரிய அணிக்கு ஓடிப்போகாமல் கூடவே இருந்து மறுபடி மேலே ஏற்றிவிட்டவர். ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் பாட்டிகோல். (தமிழில் எழுதினால் பாட்டியின் கைத்தடி மாதிரி வருகிறது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.)

2005-ல், 36 வயதில், கத்தாரில் ஆடிக்கொண்டிருந்தபோது ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு நடந்ததை 2014-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். ஆட்டத்தை விட்ட கையோடு நடக்க முடியாமல் போனது. ஒருநாள் விடிகாலை நான்கு மணிக்கு சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூம் மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எழுந்து கால் ஊன்றினால் கணுக்கால் உயிரை எடுத்துவிடும் என்று தெரியும். படுக்கையிலேயே போய்விட்டார். பிறகு டாக்டரிடம் போய், காலை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செயற்கைக் கால்களில் ஓடிய ஆஸ்கர் பிஸ்டோரியஸைக் காட்டி, எனக்கும் இதுதான் தீர்வு என்று வாதாடியிருக்கிறார். டாக்டர் மறுத்துவிட்டார். நல்லவேளை.

கோடிக்கணக்கில் சம்பாதித்த ஒரு மனிதருக்கு மூன்று மீட்டர் எட்டாத தூரமாக இருந்திருக்கிறது. கணுக்கால் மாற்று அறுவை சிகிச்சை, அதிலிருந்து தேறி வருவது என்று பேசுகிறபோது இந்த மூன்று மீட்டரை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் புரியும். இந்த ஆபரேஷன் யாரையும் மறுபடி மைதானத்துக்கு அனுப்புவதற்காக அல்ல. கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போவதற்காக. அதற்கே மாதக்கணக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முழங்கால் மூட்டு மாற்றுவது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். தெருவுக்கு ஒரு பெரியம்மாவாவது செய்துகொண்டிருப்பார். கணுக்கால் அப்படி இல்லை. முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதானதால் தேய்கின்றன. கணுக்கால் பெரும்பாலும் அடிபட்டதால் தேய்கிறது. என்றோ ஒருநாள் பைக்கிலிருந்து விழுந்து எலும்பு முறிந்திருக்கும், அல்லது திரும்பத் திரும்பச் சுளுக்கி தசைநார் தளர்ந்திருக்கும். பத்து இருபது வருடம் கழித்து குருத்தெலும்பு போய், எலும்பும் எலும்பும் நேராக உரசத் தொடங்கும். அதனால் இந்த வரிசையில் வந்து நிற்பவர்களில் ஓடியாடித் திரிந்தவர்கள் நிறையப் பேர். சும்மா உட்காரவே தெரியாதவர்கள். அவர்களைப் பிடித்துத்தான் இந்த ஆபரேஷன் ஆறு வாரம் சும்மா இரு என்கிறது.

வழி இரண்டு. ஒன்று, மூட்டைச் சுரண்டி, எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக ஒட்டவைத்துவிடுவது. அசைவு போய்விடும், வலியும் போய்விடும். நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் கடைசியில் இதற்குத்தான் வந்து சேர்ந்தார். 1993 மே 26 அன்று அவர் ஆடிய ஐரோப்பிய இறுதி ஆட்டம்தான் அவருடைய கடைசிப் போட்டி. இரண்டு வருடம் சிகிச்சை, சிகிச்சைக்கு மேல் சிகிச்சை என்று போராடிவிட்டு 1995-ல், 30 வயதில் விலகினார். பிறகுதான் கணுக்காலை ஒட்டவைத்துக்கொண்டார்.

இன்னொன்று மூட்டையே மாற்றுவது. கால் எலும்பின் அடிப்பகுதியையும் அதற்குக் கீழே பாதத்தின் மேலிருக்கும் எலும்பின் தலையையும் சீவிவிட்டு, இரண்டுக்கும் உலோகத் தொப்பி போட்டு, நடுவில் கடினமான பிளாஸ்டிக் வைப்பார்கள். 1970-ல் பிரான்சில் இதை முதலில் முயன்றபோது ஏறக்குறைய இடுப்பு மூட்டுக்குச் செய்த சாமானைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரிதான் இருந்தது. பாதிக்குமேல் சரிவரவில்லை. கணுக்கால் என்பது சின்ன இடுப்பு அல்ல என்று புரிந்துகொள்ள மருத்துவர்களுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. டென்மார்க்கில் உருவான ஸ்டார் என்ற மூட்டுக்கு அமெரிக்க அரசின் அனுமதி 2009-ல்தான் கிடைத்தது.

பாடிஸ்டுடாவுக்கு இரண்டும் நடந்தது. வலது கணுக்காலில் திருகாணி. 2019-ல், 50 வயதில், சுவிட்சர்லாந்தில் இடது கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு. ஒரே உடம்பில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில்!

எது மேல்? பிரிட்டனில் 50 முதல் 85 வயதுக்குட்பட்ட 303 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு ஒட்டவைத்தும் மறுபகுதியினருக்கு மூட்டை மாற்றியும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவின்படி இருவருமே முன்பைவிட நன்றாக நடந்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்றியவர்களுக்குக் காயம் ஆறுவதில் தொல்லை அதிகம். ஒட்டவைத்தவர்களில் சிலருக்கு எலும்பு ஒட்டாத தொல்லை. ஆக, புதுசு என்பதாலேயே மாற்றுவது உசத்தி என்று நினைக்க வேண்டாம். ஒட்டவைத்த காலில் அக்கம்பக்கத்து மூட்டுகள் கூடுதல் வேலை செய்து தேயலாம். மாற்றிய மூட்டு என்றாவது தளர்ந்து இன்னொரு ஆபரேஷன் கேட்கலாம். எந்தப் பக்கம் கவலைப்படுவது என்பதைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

சரி, தேறி வருகிற கதைக்கு வருவோம்.

முதல் ராத்திரி ஒன்றும் தெரியாது. நரம்பை மரக்கடிக்கும் ஊசி போட்டிருப்பார்கள், கால் கட்டை மாதிரி கிடக்கும். இதற்குத்தானா இவ்வளவு பயந்தோம் என்று தோன்றும். மறுநாள் அந்த ஊசி இறங்கும்போது தெரியும் சேதி. அதனால்தான் வலி வருவதற்கு முன்பே மாத்திரை போடச் சொல்கிறார்கள். வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வீரம் காட்டுகிறவர்கள் அந்த ராத்திரியை மறக்க மாட்டார்கள்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே வேலைதான். மாவுக்கட்டுப் போட்ட காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பது. ஸ்டூலில் வைத்தேன், சோபாவில் வைத்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. தலையணை மேல் தலையணை அடுக்கி, கால் மேலே, தலை கீழே. கீழே தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய், உள்ளே யாரோ மத்தளம் கொட்டுவதுபோல் விண்விண் என்று தெறிக்கும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் தோல். முழங்காலைச் சுற்றித் தொடையும் சதையும் இருக்கிறது. கணுக்காலின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். தோல், அதற்குக் கீழே நரம்பு, எலும்பு, அவ்வளவுதான். பெரும்பாலும் அங்கேதான் கீறுகிறார்கள். வீங்கினால் தையல் இழுபடும், இழுபட்டால் விளிம்பு கறுக்கும், கறுத்தால் கிருமி நுழையும். கிருமி செயற்கை மூட்டுவரை போய்விட்டால் மறுபடி கத்திதான். புகை பிடிக்கிறவர்களைப் பல மருத்துவர்கள் கண்டிப்பாக நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காயம் ஆறாது.

முழங்கால் மாற்றியவரை மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்கவைத்துவிடுகிறார்கள். கணுக்காலுக்கு அது கிடையாது. எப்போது கால் ஊன்றலாம் என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். இரண்டு வாரம் என்பவரும் உண்டு, ஆறு வாரம் என்பவரும் உண்டு. இது தெரியாமல் பார்க்க வருகிறவர்கள் பண்ணுகிற அலப்பறை இருக்கிறதே... "மூட்டு மாத்தி மூணாம் நாளே எங்க அத்தை மாடிப்படி ஏறிட்டாங்க, நீங்க இன்னுமா படுத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றைத் தாங்களே உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். படுத்திருப்பவருக்கு அன்று தூக்கம் வராது. மனம் கேட்காமல் எழுந்து ஊன்றிப் பார்க்கிற ஆபத்து இந்த மாதிரி வாய்களால்தான் வருகிறது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்றால், "காலை இன்னும் கொஞ்சம் மேலே வையுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையணையைச் சரிசெய்து கொடுக்கலாம்.

இதற்கு நடுவில்தான் அந்த மூன்று மீட்டர். ஒற்றைக்காலில், வாக்கரையோ அக்குளில் வைக்கும் கட்டைகளையோ பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய் வருவது ஒரு தனிக் கலை. ஈரத் தரை, வாசலில் மடங்கிக் கிடக்கும் மிதியடி, இரவில் அணைந்திருக்கும் விளக்கு, எல்லாமே எதிரிகள். வீட்டில் யாராவது ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே மிதியடியைச் சுருட்டி வைத்து, மேலைநாட்டுக் கழிப்பறை பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குளிக்கும்போது கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதை மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை செய்தவர்கள் சொல்வார்கள்.

அசையாமல் கிடப்பதால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. அதற்கு மாத்திரையோ வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியோ கொடுப்பார்கள். கெண்டைக்கால் திடீரென்று கல்போல் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும். (ஓட முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டும்.)

இரண்டு மூன்று வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அப்புறம் புது மாவுக்கட்டு, அல்லது விண்வெளி வீரர் போடுவதுபோல் ஒரு பெரிய பூட்ஸ். கட்டைப் பிரிக்கும் அன்று காலைப் பார்த்து அதிர்ச்சி அடையாதவர்கள் குறைவு. கெண்டைக்கால் சதை பாதியாக இளைத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, பாதத்தின் மேல் ஒரு பகுதி தொட்டால் உணர்வே இல்லாமல்... இது என் கால்தானா என்று இருக்கும். சதை திரும்ப வந்துவிடும். மரத்துப்போன இடம் சிலருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.

பிறகு பிசியோதெரபி. பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழு, பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில், பெருவிரலால் காற்றில் எழுத்து எழுது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 26 எழுத்தோடு முடிந்துவிடும். தமிழில் எழுதச் சொன்னால் 247, 'ஞௌ' வரும்போது கணுக்கால் கெஞ்சும்.

கடினமான வேலை உண்மையில் வேறு. பல வருடம் வலிக்குப் பயந்து நொண்டி நொண்டி நடந்தவர்களின் மூளை அந்த நொண்டலைத்தான் நடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மூட்டை மாற்றியாகிவிட்டது, வலி போய்விட்டது, ஆனால் உடம்பு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை வெளியே திருப்பி வைத்து, அவசரமாக எடுத்துவிடுகிறது. கண்ணாடி முன்னால் நடக்கவிட்டு, குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு விரல் என்று ஒரு வயதுக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்லித் தருகிறார்கள். ஐம்பது அறுபது வயதில் நடக்கக் கற்றுக்கொள்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. வரவேற்பறையில் யாரும் இல்லாதபோது மட்டும் பயிற்சி செய்கிறவர்கள் உண்டு.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு அசைந்ததோ ஏறக்குறைய அவ்வளவுதான் பிறகும் அசையும். கிடைப்பது அசைவு அல்ல, வலியில்லாமை. நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம். ஓடுவது, குதிப்பது, பந்தை விரட்டித் திடீரென்று திரும்புவதெல்லாம் வேண்டாம் என்பார்கள், பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். குந்தி உட்காருவது பலருக்குச் சரிவராது. பாடிஸ்டுடா ஓய்வுக்குப் பிறகு போலோ ஆடத் தொடங்கியவர். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான், ஓடுவது குதிரையின் கால்கள்.

மூன்று மாதத்தில் கடைக்குப் போய்வரலாம், ஆறு மாதத்தில் ஓரளவு நம்பிக்கை வரும். வீக்கம் மட்டும் லேசில் விடாது. காலையில் சாதாரணமாக இருக்கும் கால் சாயங்காலம் பொம்மென்று ஆகிவிடும். ஒரு வருடம்வரைகூட இது நடக்கும், பயப்பட ஒன்றுமில்லை. புதுச் செருப்போ ஷூவோ வாங்கப் போகிறவர்கள் காலையில் போகாமல் ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போவது நல்லது. ஆபரேஷன் செய்த காலின் அளவுக்கு வாங்க வேண்டும். இன்னொரு காலுக்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், உள்ளே ஒரு அட்டையை வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.