நரம்பு வலியோடு அப்பா இருந்த காலம்

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது எலும்பு வரை போயிருந்தது. அதற்கு முன் மாதக்கணக்கில் இடுப்பு வலிக்கு ஊசி, பெல்ட், தைலம் என்று ஊரிலேயே வைத்தியம் ஓடியது. நாளெல்லாம் குனிந்து தைப்பவருக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். வைத்தியம் பார்த்தவரும் அதையேதான் சொன்னார். பிஎஸ்ஏ என்றொரு ரத்தப் பரிசோதனை இருப்பதே மதுரைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். எலும்பு ஸ்கேனில் முதுகுத்தண்டிலும் இடுப்பெலும்பிலும் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள்.

மாதக்கணக்கில் போட வேண்டிய ஹார்மோன் ஊசி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. விதைகளை எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு அப்பாவே சம்மதித்தார். ஆண் ஹார்மோன் நின்றால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டிய வழி அது. சில நாட்களிலேயே இடுப்பு வலி இறங்கியது. கடையைத் திறந்தார், தீபாவளித் துணி வாங்கினார்.

நோய் மறுபடி கிளம்பி, டோசிடாக்செல் கீமோ ஆரம்பித்த பிறகுதான் வீடு நிலைகுலைந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏறும். போகப் போகப் பாதம் எரிய ஆரம்பித்தது. போர்வை பட்டால் அலறுவார். ஃபேன் காற்றுகூடத் தாங்காது. அதே பாதம் மரத்தும் கிடந்தது. ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று விழுந்திருக்க, அது தெரியாமல் தெருமுனை வரை போய்விட்டார். பட்டன் தைக்கையில் ஊசி விரலில் ஏறியதைச் சட்டையில் ரத்தம் பார்த்துத்தான் அறிந்தார். மரத்துப்போன இடம் எப்படி எரியும் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்கிப் போட்ட வலி மாத்திரை எதுவும் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

கீமோ கொடுத்த டாக்டர் எங்களை வலி நிவாரணப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேன் உறையைப் பிரிக்கும் முன்னால் அப்பாவைப் பேசவிட்டார். "ஐயா, எரியுதா? ஊசி குத்துதா? கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குதா?" பிறகு அப்பாவின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்துப் புறங்காலில் லேசாக ஓட்டினார். அப்பா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். அடுத்து உள்ளங்காலில் கூர்முனையால் தொட்டார். "எப்ப தொடுவீங்கம்மா?" என்றார் அப்பா. தொட்டு முடிந்திருந்தது.

காயமோ வீக்கமோ வலித்தால் ஒரு வகை. நரம்பே பழுதாகித் தானாக வலியைக் கிளப்பினால் வேறு வகை, சாதாரண வலி மாத்திரை அதற்கு அவ்வளவாக எட்டாது என்று விளக்கினார். கீமோவின் அளவைக் குறைக்கும்படி கீமோ டாக்டருக்கு எழுதினார். டுலோக்செடின் 30 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 60. கீமோவால் வரும் நரம்பு வலிக்குப் பலன் தருவதாக நல்ல ஆதாரம் உள்ள மாத்திரை அது. "முழுசா எடுத்துராது ஐயா, குறைக்கும்" என்றார். பொய் நம்பிக்கை தராத அந்தப் பேச்சைத்தான் அப்பா நம்பினார். சர்க்கரை நோயால் கால் எரியும் மாமாவுக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலினைக் கேட்டுப் பார்த்தேன். அது சிறுநீரை அடைக்கக்கூடும், ஏற்கெனவே முக்கிப் போகிறவருக்கு வேண்டாம் என்றார்.

அடுத்து வந்தது வேறொரு வலி. இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இழுத்தது. முதுகெலும்பில் வளர்ந்த கட்டி நரம்பு வேரை அழுத்தியிருந்தது. அந்த இடத்துக்கு ஒரே வேளையாகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, இரவில் 300 மில்லிகிராம் கேபபென்டின் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். தலை சுற்றியது, கணுக்கால் வீங்கியது. அம்மா பாத்ரூம் வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தாள். வலி இறங்கும் அளவுக்கும் ஆள் தள்ளாடும் அளவுக்கும் நடுவே சரியான டோஸ் பிடிபட வாரக்கணக்கானது. டாக்டரம்மா சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் முதல் பத்து வரை எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் தமிழில் ஒரு தாளும் எழுதித் தந்திருந்தார்: முதுகைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்குவது போன்ற வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் நின்றுபோவது — எது வந்தாலும் அன்றைக்கே வரணும். ஒரு ராத்திரி கக்கூசில் உட்கார்ந்த அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. "விடியட்டுமே" என்றார் சித்தப்பா. தாளைக் காட்டிக் கார் பிடித்தேன். போனதும் டெக்ஸாமெத்தசோன் ஊசி, பிறகு முதுகுத்தண்டு முழுக்க எம்ஆர்ஐ, உடனே கதிர்வீச்சு. தண்டுவடம் அமுங்கத் தொடங்கியிருந்தது. நடை போன பிறகு கொண்டுவந்தால் திரும்ப நடப்பவர்கள் குறைவு என்றார் டாக்டர். அப்பா நடந்தார். அந்தத் தாளுக்கு நான் எந்நாளும் கடன்பட்டவள்.

மார்ஃபின் பேச்சு வந்தபோது அண்ணன் எகிறினான். "அது சாகப் போறவங்களுக்குக் குடுக்கிறது டாக்டர்." டாக்டரம்மா கோபப்படவில்லை. வலிக்கு அளந்து கொடுத்தால் உயிரைக் குறைக்காது, போதை அடிமையாவதும் அரிது என்று பொறுமையாகச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்குத் தினமும் மருந்து. இரண்டாம் நாள் அப்பா விடியும் வரை தூங்கினார்.

அந்த மாத்திரை எங்கள் ஊர் மருந்துக்கடை எதிலும் கிடைக்காது. 1985 போதைப்பொருள் சட்டம் கள்ளக்கடத்தலை நினைத்துப் போட்டது. அதில் மாட்டித் தவித்தவர்கள் வலியில் கிடந்தவர்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் வருஷக்கணக்காகப் போராடி 2014-இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். திருத்தம் வந்தும், அனுமதி பெற்ற மருத்துவமனையைத் தேடி நாங்கள் பஸ்ஸில் மதுரைக்குத்தான் போனோம். வலியில் துடிப்பவருக்குப் பஸ் டிக்கெட் ஒரு மருந்துச் செலவாக இருக்கக் கூடாது என்று இன்றும் கோபம் வருகிறது.

"ஐயா, வலி எவ்வளவு குறைஞ்சா போதும்?" என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டார். "மூணுக்கு வந்தா போதும்மா, மிஷின்ல உக்காந்துருவேன்." மூன்றுக்கு வந்தது. பெடலை மிதிக்கக் கால் ஒத்துழைக்காததால் மோட்டார் மாட்டிக் கொடுத்தோம். கடைசி மாதங்களில் தலையணை உறைகளாகத் தைத்தார்.

அப்பா போன பிறகு மிஞ்சிய மார்ஃபின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க அண்ணன்தான் மதுரைக்குப் போனான். பதிவேட்டில் கையெழுத்து போட்டுவிட்டு, வரிசையில் நின்ற ஒரு பெரியவரின் மகனிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறான். அந்தப் பையனும் மார்ஃபின் வேண்டாம் என்றுதான் நின்றுகொண்டிருந்தானாம்.