வியாழக்கிழமை மூச்சுத்திணறல்

கொங்குப் பகுதி நூற்பாலை ஒன்றில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் அவர். பேல் பிரித்துப் பஞ்சை உதறுவதும் சிக்கெடுப்பதும் அங்கேதான். மில்லில் தூசி அதிகமாகப் பறக்கும் இடங்களும் அவையே. அவருக்கு வந்திருப்பது தொழில்சார் நோய் அல்ல என்று மருத்துவ வாரியம் முடிவு செய்திருந்தது. அதை எதிர்த்த மேல்முறையீடு வக்கீலான என்னிடம் வந்தது.

வாரியம் எழுதிய காரணங்கள் மூன்று. எக்ஸ்ரேயில் குறை இல்லை. பீடிப் பழக்கம் உண்டு. திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுக்கம் வருமா என்று கேட்டதற்கு, வராது என்று சொன்னார்.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸுக்குக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. ஆரம்பத்தில் அந்நோய் தினமும் தொந்தரவு செய்யாது. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், ஷிப்ட் தொடங்கிச் சில மணி நேரம் கழித்து நெஞ்சைக் கட்டும். இருமலும் இளைப்பும் வரும். மறுநாள் தணிந்துவிடும். வருஷம் போகப் போக வாரம் முழுக்க நீளும். முற்றிய பிறகு மில்லை விட்டு நின்றாலும் மூச்சிரைப்பு நிற்காது. ஆஸ்துமா, பீடி இருமல் என்று பெயர் வைத்து மாத்திரை எழுதிக் கொடுப்பதில் நல்ல காலமெல்லாம் கழிந்துவிடுகிறது.

முடிச்சை அவிழ்த்தவர் அவருடைய மனைவி. "திங்கக்கெழமையெல்லாம் நல்லாத்தானுங்க இருப்பாரு. வியாழக்கெழம வேலைக்குப் போய்ட்டு வந்தாத்தான் நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துக்குவாரு."

"மில்லுக்கு லீவு என்னைக்கும்மா?"

"புதங்கெழமைங்க."

ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. வருகைப் பதிவேட்டையும் கேட் பாஸ் கட்டுகளையும் நீதிமன்றம் மூலம் வரவழைத்தேன். பழுப்பேறிய துண்டுச் சீட்டுகள்; பாதி ஷிப்டில் வெளியே போனதற்கு 'உடல்நலக் குறைவு' என்று மேஸ்திரி பென்சிலால் எழுதியவை. தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வியாழன்.

வாரிய மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். பிசினோசிஸுக்கு என்று தனியான எக்ஸ்ரே அடையாளம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டார். மூச்சின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி ஒருமுறைதான் எடுக்கப்பட்டது, அதுவும் என் கட்சிக்காரர் வேலையை விட்டு நின்று பல மாதம் ஆன பிறகு. பீடி இந்நோயை மோசமாக்கும். பீடி குடிப்பதால் இந்நோய் இல்லை என்று ஆகாது. அப்போது நடப்பில் இருந்த 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பிசினோசிஸ் இருந்தது. உரிய காலம் அவ்வேலையில் இருந்தவருக்கு இந்நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அதன் பிரிவு 52ஏ. நான் முழுக்க நின்றது அதன்மேல்தான்.

இன்றும் ஆத்திரம் வருவது வேறு விஷயத்தில். இந்நோயைக் காணும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 89 சொன்னது. அத்தனை வருஷம் அவர் பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட எழுதவில்லை.

வாரியத்தின் முடிவு ரத்தானது. நிரந்தர ஊனத்துக்கான மாதத்தொகை கிடைத்தது. தீர்ப்பு நகல் வாங்க வந்தவர் அவருடைய தம்பி. அவருக்கும் அதே கார்டிங்தான் வேலை. லீவு முடிந்து போகும் அன்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "லேசா இறுக்குமுங்க. மறுநாள் சரியாப் போயிருது" என்றார். இந்தக் கட்டத்திலேயே தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறிக்கொள்ளும். வரும் வியாழக்கிழமை ஷிப்டுக்கு முன்பும் பின்பும் ஸ்பைரோமெட்ரி எடுத்து, அந்தத் தாள்களை இணைத்து வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுங்கள் என்றேன்.