மூன்றாவது கேள்வி

ஃப்ரீமேசன் என்று சொன்னால் போதும், நண்பர்கள் இல்லுமினாட்டியில் ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே நடப்பதைச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். போன கூட்டத்தின் மினிட்ஸ் வாசிப்போம், கணக்கை ஒப்புக்கொள்வோம், மனப்பாடம் செய்த சடங்கு வசனங்களைச் சொல்வோம். பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.

நான் சேர்ந்தது சென்னையில் ஒரு லாட்ஜில். மூன்றாவது வருடம் வருகை பாதியாகிவிட்டது. கூட்டங்களைச் சரிசெய்ய ஒரு குழு போட்டார்கள். சாஃப்ட்வேர்காரன் என்பதால் அதில் நானும். ஆபீசில் செய்வதையே அங்கும் செய்தேன். கூகுள் ஃபார்மில் கருத்துக் கேட்டேன். மினிட்ஸை முன்னாலேயே மெயிலில் அனுப்பி வாசிப்பதை நிறுத்தினோம். மாதம் ஒரு சிற்றுரை வைத்தோம். கூட்டம் அரை மணி நேரம் குறைந்தது. வருகை கூடவில்லை.

என் முறை வந்தபோது உரைக்காகக் கொஞ்சம் படித்தேன். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் நான்கு லாட்ஜ்கள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது மரபு வரலாறு. கூடிய இடம், செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகில் 'கூஸ் அண்ட் கிரிடைரன்' என்ற மதுக்கடை. அந்த லாட்ஜ்களையே அவை கூடிய மதுக்கடைகளின் பெயரால்தான் அழைத்தார்கள். 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த சட்டநூல், மதச் சண்டையையும் அரசியல் சண்டையையும் லாட்ஜுக்குள் கொண்டுவராதே என்றது. சர்ச்சும் கட்சியும் வேறான ஆட்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டுமே!

எங்கள் மேசையிலோ பெரியவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பாதிப் பேர் போனில். சாப்பிட்ட கை காய்வதற்குள் டிராஃபிக்கைச் சொல்லிக் கிளம்பிவிடுவோம்.

கூட்டத்தை முடிக்கும் முன் தலைவர் மூன்று முறை கேட்பார், அமைப்பின் நலனுக்காக யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று. முதல் இரண்டும் மேலிடத்துக் கடிதங்களுக்கு. மூன்றாவதில், வர இயலாமைக்கு வருந்துகிறவர்கள் என்று செயலாளர் ஒரு பட்டியல் வாசிப்பார். அதில் ஒரு பெயர் ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்தது. நான் சேர்ந்த அன்று, கண் கட்டியிருந்த என்னைக் கைப்பிடித்து நடத்தியவர். அவர் நிஜமாகவே வருத்தம் தெரிவித்தாரா என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் அவர் மனைவியின் படம், மாலையோடு.

"பங்குனியில போயிட்டா தம்பி."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே பேசினார். "உங்க ஃபார்ம் வந்துச்சு. சாப்பாடு எப்படி இருக்குன்னு கேட்டிருந்தீங்க. நல்லா இருக்குன்னு போட்டு அனுப்பிட்டேன்."

ஒருவரையொருவர் பிரதர் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள்.

இங்கிலாந்து லாட்ஜ்களில் ஆல்மனர் என்று ஒரு பொறுப்பு உண்டு. உறுப்பினர்களையும், இறந்துபோனவர்களின் குடும்பத்தையும் விசாரித்துக்கொள்வதே அவர் வேலை. அடுத்த கூட்டத்தில் மூன்றாவது கேள்விக்கு நான் எழுந்தேன். வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். ஆளுக்கு ஆறு பெயர் எடுத்துக்கொள்வோம், கூட்டத்துக்கு முந்தின வாரம் போன் செய்வோம், மெசேஜ் வேண்டாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

புரட்டாசியில் அவர் வந்தார். எங்கள் பக்கத்து மேசையில் உட்கார வைத்தோம். நாற்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தைப் பற்றி அவர் பேசப் பேச, டிராஃபிக் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வருகை இன்னும் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் வராதவர் ஏன் வரவில்லை என்பது இப்போது எங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.