சக்கரத்துக்குள் ஒரு மயிரிழை

மடவார் வளாகத்தில் பிறந்தவனுக்குச் சக்கரம் புதுமையான பொருளன்று. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் பெரிய தேர் நகரும்போது வடத்தில் கை வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் அபூர்வம். ராஜபாளையம் போனாலோ, நூற்பாலைகளில் கதிர்கள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று என்று இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஆடி அசைந்து வரும் தேருக்கும் கண்ணுக்கே தெரியாமல் சுழலும் கதிருக்கும் நடுவே, ஒரு பழைய மோட்டார் காரின் இடது முன்சக்கரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அது எடுத்துக்கொண்டது.

பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. சென்னையில் தயாராகி 1961-இல் வெளிவந்த வண்டி அது. அம்பாசிடரும் பியட்டும் நான்கு கதவுகளோடு உலவிய காலத்தில் இது இரண்டே கதவுகளோடு வந்தது. மட்கார்டோடு சேர்த்து முன்பகுதி முழுவதையும் பெட்டி மூடிபோல் முன்னால் கவிழ்க்கலாம். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைப் பார்க்கலாம். இப்படிப் பெருமை பேசினால் என் வகுப்புத் தோழர்கள், “இது என்னப்பா, ஸ்போர்ட்ஸ் காரா?” என்று கேலி செய்வார்கள். அவர்கட்கு என் விடை: ஏறக்குறைய ஆம்! ஹெரால்டை வரைந்த இத்தாலியர் மிக்கெலாட்டிதான், அதன் அடித்தளத்தைச் சுருக்கி ‘டிரயம்ப் ஸ்பிட்பயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் வரைந்தார். அது 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இரண்டுக்கும் முன்சக்கர அமைப்பு ஒரே குடும்பம். ஆகவே எங்கள் வண்டி இருக்கையில் குடும்பஸ்தன், முன்சக்கரத்தில் பந்தயக்காரன்.

அந்தப் பந்தயக்காரனுக்குத்தான் நோய் வந்தது. வேகம் கூடினால் இடது சக்கரத்திலிருந்து வண்டு முரலுவதுபோல் ஓர் ஓசை. வலப்புறம் திரும்பினால் பெருகும். இடப்புறம் திரும்பினால் அடங்கும். முந்திய ஆண்டு ஒரு பட்டறையில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர், “ஆட்டமே இல்லாம நல்லா டைட் வச்சிருக்கேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். சும்மா விடும் காரியமா இது? பேரிங் முற்றிலும் இறுகிப் பிடித்துக்கொண்டால் ஓடுகிற சக்கரமே கழன்று போகலாம். பெரியம்மாவுக்கோ மாதம் ஒருமுறை மதுரைக்குக் கண் சிகிச்சைக்குப் போயாக வேண்டும். பஸ் ஏறினால் தலை சுற்றும். வாடகைக் காருக்குப் பெரியப்பாவின் பென்ஷன் இடங்கொடாது. “காயலான் கடைக்காரர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். கொடுத்துர வேண்டியதுதான்” என்றார் பெரியப்பா. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினேன். எங்களூர்ச் சாமியின் பெயரே வைத்தியநாதர். அவர் கைவிடமாட்டார் என்ற தைரியம் ஒரு பக்கம். அடுத்த வீட்டு மில் தாத்தா இருக்கிறார் என்ற தைரியம் மறுபக்கம்.

ராஜபாளையத்து நூற்பாலையில் நெடுங்காலம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கை நடுங்கும். ஸ்பானரைப் பிடிக்க இயலாது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கண்ணும் காதும் அவருடையவை. கை மட்டும் என்னுடையது.

முதலில் நோயை உறுதி செய்தோம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் கனத்த மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தோம். (செங்கல் அடுக்கப் போன என்னைத் தாத்தா பார்த்த பார்வை! செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.) சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆடியது. பெரியப்பா பிரேக்கை மிதித்தார், ஆட்டம் நின்றது. காலை எடுத்தார், மறுபடி ஆடியது. எனவே குற்றம் பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடியிருந்தால், சக்கரம் திரும்ப உதவும் ‘டிரன்னியன்’ என்ற கீழ்மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். இந்த வண்டியில் அதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பதை இவ்வினத்துக் கார் வைத்திருப்போர் மறக்கலாகாது.

சக்கரமும் டிரம்மும் வந்தபின், நடுவிலுள்ள சிறு மூடியைப் பெயர்த்தால், கோட்டைக் கொத்தளம்போல் வெட்டுகள் உள்ள ஒரு நட். அதன் ஊடே ஒரு ஸ்பிளிட் பின். திருவள்ளுவர் தேருக்குச் சொன்ன அச்சாணியின் பேரன் இவன்தான். விலை சொற்பம், இவன் இல்லையேல் நட் கழலும், நட் கழன்றால் எல்லாம் கழலும். பழையதை நிமிர்த்தி மறுபடி போடக் கூடாது என்பது தாத்தாவின் கண்டிப்பான உத்தரவு.

ஹப்பை இழுத்தோம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு பேரிங்குகள். குண்டுகள் அல்ல, ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகள். 1898-இல் அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்ற வகை. வண்டி திரும்பும்போது சக்கரத்தைப் பக்கவாட்டிலும் ஒரு விசை தள்ளுகிறது அல்லவா? எடையோடு அந்தத் தள்ளுதலையும் தாங்கவே இந்தச் சரிவு. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது உருளைகளில் நீலம் பாரித்திருந்தது. அவை ஓடும் கப்பில் அம்மைத் தழும்புபோல் குழிகள். “இது சூட்டுல வெந்தது தம்பி. இறுக்கிக் கொன்னுருக்காங்க” என்றார் தாத்தா.

ராஜபாளையத்தில் முந்தின நாளே புதியது வாங்கி வந்திருந்தேன். மில்கள் நிறைந்த ஊரில் பேரிங்குக்கா பஞ்சம்! கப்பும் கோனும் ஒரே ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது உருளை நிலைக்காது. பழைய கப்பைப் பித்தளைத் தண்டால் எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றித் தட்டி வெளியேற்றினோம். புதியதையும் அவ்வாறே கோணாமல் இறக்கினேன். தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். கணீர் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்த ஓசை திடீரென்று ‘தொம்’ என்று கனத்தது. “போதும், உக்காந்துருச்சு.” அளவுகோல் எதுவும் அங்கே வேலை செய்யவில்லை.

சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியால் அச்சைத் துடைத்தேன். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தினேன். எண்ணெயில் ஊறிய புதுக் கம்பளி வளையத்தையும் பொருத்தினோம்.

கடைசி வேலைதான் உயிர்நாடி. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை அளவாக இறுக்கி, உருளைகள் தம் இடத்தில் அமர்ந்ததும், நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் அளவு தளர்த்த வேண்டும். தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளி 0.002 முதல் 0.008 அங்குலம், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமனில் தொடங்கி இரண்டு மூன்று மயிர்ப் பருமன் வரை. ஓடும்போது உலோகம் சூடேறி விரியும். விரிவதற்கு இடம் விடாவிட்டால் வெந்து சாகும். வெப்ப விரிவைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதியதுண்டு. அது ஒரு நட்டைத் தளர்த்தச் சொல்லும் என்று (இயற்பியல் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க) என் புத்தியில் அதுவரை பட்டதில்லை.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மில்லில் ‘தௌ’ என்பார்கள். தாத்தா எழுந்து வந்து, நடுங்கும் கையின் பெருவிரலை ஹப்பின் விளிம்பில் வைத்து அசைக்கச் சொன்னார். “நாலஞ்சு தௌ இருக்கும்.” லேத் பட்டறையில் இரவல் வாங்கிய டயல் கேஜைப் பொருத்தினேன். முள் ஐந்தில் நின்றது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாற்காலிக்குப் போய்விட்டார்.

மாலையில் ராஜபாளையம்வரை ஓட்டித் திரும்பினோம். வண்டைக் காணோம். செவ்வாய்க்கிழமை பெரியம்மாவுடன் மதுரைக்குப் புறப்பட்டோம். கல்லுப்பட்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது இறங்கி, இடது ஹப்பில் உள்ளங்கையை வைத்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவே. பெரியம்மா ஜன்னல் வழியே, “என்னடா, அதுக்கும் காய்ச்சலா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் போனேன். அங்கே கை கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. அதையும் அதே பட்டறையில்தான் மாட்டியிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மில் தாத்தாவிடம் சொல்லியாயிற்று. காயலான் கடைக்காரர் இன்னும் வந்து வந்து போகிறார்.