பார்க் டவுனில் எஞ்சியிருக்கும் பூங்கா

அக்குறணையிலிருந்து துணி வாங்கவோ மருத்துவம் பார்க்கவோ சென்னைக்குச் செல்பவர்கள், மண்ணடியிலோ திருவல்லிக்கேணியிலோ அறை எடுத்துத் தங்கி, சென்ட்ரல் புகையிரத நிலையத்துக்கும் பெரியமேட்டுக்கும் இடையே பலமுறை கடந்து போகும் நிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 116 ஏக்கர் பரப்புள்ள ஒரு பூங்காவாக இருந்தது என்பதும், இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிச்சாலை எனக் கருதப்படும் நிறுவனம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேதான் இயங்கியது என்பதும் இன்று சென்னைவாசிகளிலேயே பலருக்குத் தெரியாத செய்தியாகிவிட்டது. அப்பகுதிக்குப் பார்க் டவுன் என்றும், சென்ட்ரலுக்கு எதிரே உள்ள சிறிய மின்தொடர் வண்டி நிலையத்துக்குப் பார்க் என்றும் பெயர் வழங்கினாலும், அப்பெயர்கள் சுட்டும் பூங்காவைத் தேடிப் புறப்படுகிறவர் முதலில் காண்பது வாகன நெரிசலை மட்டுமே.

இந்தத் தேடலைச் சென்ட்ரலில் அல்லாமல், எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் உள்ள அரசு நூதனசாலையில் தொடங்குவதே முறையாகும். ஏனெனில் மிருகக்காட்சிச்சாலை பிறந்தது அங்கேதான். 1851இல் கல்லூரிச் சாலையிலிருந்த கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் தொடங்கப்பட்டு, 1854இல் பாந்தியன் வளாகத்துக்கு மாற்றப்பட்ட அந்த நூதனசாலையின் முதற் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பல்ஃபர் என்ற ஸ்கொட்லாந்து அறுவைமருத்துவர். இந்தியாவைப் பற்றிய பெரும் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவரும், காடழிவுக்கும் மழைக்குறைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி முன்கூட்டியே எழுதியவருமான அவர், நூதனசாலையில் உயிருடன் கட்டி வைக்கப்பட்டிருந்த சில விலங்குகளைப் பார்ப்பதற்கே மக்கள் திரளாக வருவதைக் கண்டு, பாடம் செய்த உடல்களோடு உயிருள்ள விலங்குகளையும் காட்டலாம் என முடிவு செய்தார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குத் தொகுப்பைக் கொடையாகப் பெற்று, 1855இல் நூதனசாலை வளாகத்திலேயே மிருகக்காட்சிச்சாலையை அவர் அமைத்தார். மறு ஆண்டிலேயே அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன. நவாபின் அரண்மனை ஆடம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட விலங்குகள், அந்த அரச மரபின் அதிகாரமே முடிவுக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டில் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக மாறின என்பது, தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

நூதனசாலை முதலில் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தமையால், சென்னை மக்கள் அதனைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிச்சாலையை உயிர் காலேஜ் என்றும் அழைத்தனர். இவ்வழக்குகள் கட்டடங்களும் கூண்டுகளும் இடம் மாறிய பின்னும் முதியோர் வாயில் நீண்டகாலம் நிலைத்திருந்தன. நூதனசாலையில் இன்றும் காட்சிக்கு இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் நிற்கும் பயணி, இதே வளாகத்தில் ஒரு காலத்தில் புலி உறுமியது என்பதற்குச் சான்றாக எதையாவது தேடுவாரானால், ஏமாற்றமே மிஞ்சும்.

1860களின் தொடக்கத்தில், பாந்தியன் வளாகம் போதாமற் போகவே, விலங்குகள் நகராட்சியின் பொறுப்பில், பார்க் டவுனில் இருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. மக்கள் பூங்கா என்பது விக்டோரியா காலத்துக்கே, அதாவது 1837 முதல் 1901 வரையிலான விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்துக்கே, உரிய ஒரு கருத்தாகும். தொழிற்சாலைப் புகையில் நெருங்கி வாழும் ஏழைத் தொழிலாளர்களுக்குத் தூய காற்றும் நல்லொழுக்கமான பொழுதுபோக்கும் கிடைக்குமானால் அவர்கள் சாராயக்கடையை மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், லண்டனிலும் பேர்க்கன்ஹெட்டிலும் 1840களில் இத்தகைய பூங்காக்கள் அமைக்கப்பட்டன. 1859இல் சென்னைக்கு ஆளுநராக வந்து, அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்ட சார்ல்ஸ் டிரெவெல்யன், கறுப்பர் நகரம் என ஆங்கிலேயர் அழைத்த ஜார்ஜ் டவுனின் மேற்கு ஓரத்தில் அதே வகைப் பூங்கா ஒன்றுக்கு வித்திட்டார். குளங்கள், வளைந்த பாதைகள், இசைக்குழு மேடை, விலங்குக் கூண்டுகள் ஆகியவற்றோடு அமைந்த அப்பூங்கா, ஆண்டு இறுதியில் நடைபெறும் கேளிக்கைச் சந்தைக்கும் இடமளித்தது. 1886 டிசம்பர் 31 அன்று அச்சந்தையில் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவ்வளவு பெரிய விபத்தைப் பற்றி நகரம் இன்று பேசுவதே இல்லை.

பூங்காவின் எஞ்சிய தடங்களைக் காண விரும்புகிறவர், சென்ட்ரல் நிலையத்தின் வாயிலிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலை வழியே மேற்கு நோக்கி மெதுவாக நடந்தால் போதும். பூங்கா எவ்வாறு துண்டு துண்டாகக் கரைந்தது என்பதை அச்சாலையின் கட்டட வரிசையே காட்டும். முதலில் வருவது புறநகர் வண்டிகளுக்கான முனையம். அங்குதான் மூர் மார்க்கெட் இருந்தது. நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்ட அச்சந்தை, இஸ்லாமிய வளைவுகளையும் இந்தியத் தூண்களையும் ஐரோப்பியத் தளவமைப்பையும் ஒன்றாகக் கலக்கும் இந்தோ-சரசெனிக் பாணியில், சிவப்புச் செங்கல்லால் கட்டப்பட்டது. பழைய புத்தகங்களுக்குப் பேர்பெற்றிருந்த அதன் கடைகளைப் பற்றி ஒரு வரியேனும் எழுதாத சென்னை எழுத்தாளர் அரிது. 1985 மே 30 அன்று அது எரிந்து போனது. புறநகர் முனையத்துக்குப் புகையிரத அட்டவணைகள் இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர் குறிக்கின்றன; நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் சந்தையின் சிற்றுருவம் ஒன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. சந்தைக்குச் சிலை வைத்த நகரம், அச்சந்தைக்கு இடம் கொடுத்த பூங்காவுக்கு ஒரு கல்லைக்கூட நடவில்லை.

அடுத்து வருவது 1880களில் ரொபர்ட் சிஸோம் வரைந்த விக்டோரியா பொது மண்டபம்; அதற்கடுத்து 1909இல் தொடங்கி 1913இல் முடிக்கப்பட்ட, மாநகராட்சித் தலைமையகமான வெண்ணிற ரிப்பன் மாளிகை. இவற்றின் பின்னால் நேரு விளையாட்டரங்கு விரிந்து கிடக்கிறது. பூங்காவின் குளங்களில் ஒன்று தூர்க்கப்பட்டு, எரிந்த சந்தையின் வணிகர்களுக்கு அதன் மேல் கடைத்தொகுதி எழுப்பப்பட்டது. அல்லிக்குளம் என்ற பெயர் மட்டும் அக்கட்டடத்தின் மேல் தங்கிவிட்டது. தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு சொட்டு நீருமின்றி நிற்கும் இந்தப் பெயரே, முழுப் பயணத்திலும் மிகத் தெளிவாகக் கிடைக்கும் தடம் எனலாம்.

இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால், பூங்காவை அழித்தது பகைமையோ புறக்கணிப்போ அல்ல என்பது விளங்கும். மண்டபம், சந்தை, நகராட்சி அலுவலகம், விளையாட்டரங்கு, புகையிரத முனையம் ஆகிய ஒவ்வொன்றும் பொதுமக்களுக்குத் தேவையானது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. மரமும் விலங்கும் மட்டுமே இருக்கும் நிலம் வெற்று நிலம் என்ற எண்ணமே அவை அனைத்துக்கும் பொதுவான அடித்தளமாக அமைந்தது. லண்டனின் தென்புறப் புறநகரான வால்வேர்த்தில் 1831இல் எட்வர்ட் குரோஸ் தொடங்கிய சரே விலங்குத் தோட்டத்துக்கு நேர்ந்ததும் இதுவே: 1856இல் விலங்குகள் விற்கப்பட்டன, பெரும் இசை மண்டபம் எழுந்து சில ஆண்டுகளில் எரிந்தது, பின்னர் வீடுகள் நிறைந்தன, இன்று பாஸ்லி பூங்கா என்ற சிறு பசுந்தரை மட்டும் அங்கு மீந்திருக்கிறது.

அக்குறணை வாசகருக்கு இதன் மறுதலை வீட்டருகிலேயே உண்டு. கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குச் சென்று, அங்கிருந்து சிறிது தூரம் போனால் வரும் பேராதனைத் தாவரவியற் பூங்கா, 1821இல் அலெக்ஸாண்டர் மூனின் கையில் தொடங்கி, இன்றும் ஏறத்தாழ 147 ஏக்கர் பரப்பில் குலையாமல் இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று. கோப்பி, சிங்கோனா, இறப்பர் எனப் பெருந்தோட்டப் பொருளாதாரம் வேண்டிய செடிகளைச் சோதித்துத் தரும் பணி அதற்கு இருந்தது, மகாவலி மூன்று புறமும் வளைந்து அதற்கு எல்லையும் வகுத்தது. சென்னைப் பூங்காவுக்கு ஏழைகளின் பொழுதுபோக்கு என்ற பணி மட்டுமே இருந்தது. எந்தப் பேரேட்டிலும் அது வருமானமாகப் பதியப்படவில்லை.

மிருகக்காட்சிச்சாலையின் முடிவு மட்டும் சற்று வேறானது. சுற்றிலும் போக்குவரத்து இரைச்சல் பெருகி, விரிவாக்க இடமின்றிப் போனதால், 1976இல் நகருக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் வண்டலூர்க் காப்புக்காட்டில் 510 ஹெக்டயர் ஒதுக்கப்பட்டது. காப்புக்காடு என்பது மரம் வெட்டுவதும் மேய்ச்சலும் சட்டத்தால் தடுக்கப்பட்ட அரசுக் காடாகும். அங்கு அமைக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை, மூர் மார்க்கெட் எரிந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் பிறந்த ஒருவர் மக்கள் பூங்காவின் மிருகக்காட்சிச்சாலைக்கு இறுதி வாயிலை மூடினார் என்பதும், பூங்காவை ஒட்டிய சென்ட்ரல் நிலையம் 2019 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது என்பதும் மலையகப் பயணிக்குச் சுவை தரும் பொருத்தங்கள். விலங்குகள் சென்றதற்காக எவரும் வருந்தத் தேவையில்லை. இரும்புக் கம்பிக்குள் அடைபட்டுச் சந்தை இரைச்சலுக்கு நடுவே கிடந்த சிங்கத்துக்கு வண்டலூரின் திறந்த அடைப்பு நற்பேறே. விலங்குகள் போன பிறகும் நிலம் பூங்காவாக நீடித்திருக்கலாம் என்பதே இங்குள்ள குறை.

அந்த நிலத்தில் இன்றும் பசுமையாக இருப்பது, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், விளையாட்டரங்குக்கு அருகே மாநகராட்சி பராமரிக்கும் மை லேடீஸ் பூங்காவே. மாலையில் நடைபயில்வோரும் விளையாடும் பிள்ளைகளும் நிறையும் அவ்விடத்தில், பழைய 116 ஏக்கரின் எல்லைகளையும் கூண்டுகளும் குளங்களும் இருந்த இடங்களையும் காட்டும் வரைபடம் ஒன்றை நிறுத்துவது, அடுத்த கட்டடத்தில் அமர்ந்திருக்கும் மாநகராட்சிக்குப் பெருஞ்செலவு அல்ல. அது நடக்கும் வரை பயணிகள் தாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான்: காலையில் எழும்பூர் நூதனசாலை, நண்பகலுக்கு முன் பார்க் டவுன் நடை, பின்னர் எதிரே உள்ள பார்க் நிலையத்திலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டியில் வண்டலூர் என்ற வரிசையில் சென்றால், மிருகக்காட்சிச்சாலையின் மூன்று இருப்பிடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நூதனசாலைக்கு வெள்ளிக்கிழமையும் வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை என்பதால், நாளைத் தெரிவு செய்கையில் அவ்விரண்டையும் தவிர்த்துக்கொள்வது நல்லது.